கோபியில் ஓர் ஊசியின் எடை

மெல்போர்னிலிருந்து இந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். கோபிசெட்டிபாளையத்தில் மாமா வீட்டுக்குள் நுழைந்தபோது ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டைக் கேட்டதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. முதல் பாட்டு நன்றாகவே இருந்தது. ஊசி தட்டின் உள்விளிம்பை நெருங்க நெருங்க, குரலில் ‘ஸ’ ஒலி வரும் இடமெல்லாம் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. குனிந்து பார்த்தேன். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் தலையில் ஒரு 25 பைசா நாணயம் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. ஊசியைப் பிடித்திருக்கும் சிறு கூடான கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதி தட்டை உரசும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

அப்பிச்சி (அம்மாவின் அப்பா) சேர்த்துவைத்துவிட்டுப் போன எல்.பி. தட்டுகளுக்காக இரண்டு வருடங்களுக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த டர்ன்டேபிள் அது. அதில் இருப்பது ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ். நடுவில் ஊசி துள்ளத் தொடங்கியதும் மாமா அதை ஈரோட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிப்போயிருக்கிறார். துள்ளாமல் இருக்க அங்கே செய்து கொடுத்த வைத்தியம்தான் அந்த நாணயம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. பெட்டி வடிவில் வந்த பழைய ரெக்கார்டு பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது. அவற்றுக்கு ஐந்தாறு கிராம் அழுத்தம் சர்வசாதாரணம். ஆனால் விஎம்95இ 1.8 முதல் 2.2 கிராமுக்குள் ஓட வேண்டியது. தயாரிப்பாளர் சொல்வது 2 கிராம். எந்த கார்ட்ரிட்ஜ் என்று பார்க்காமல் எடையை ஏற்றியது பெரும் தவறு. தேய்வது ஊசி மட்டுமல்ல, திரும்ப வாங்க முடியாத அந்தத் தட்டுகளும்தான்.

ஊசியின் அழுத்தத்தை அளக்கும் கருவி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் பத்தரிடம் போய் நின்றேன். “பவுனுக்குப் போடற எடைங்க இது, ஊசிக்குமாங்க?” என்று வியந்தாலும், கையடக்கமான மின் தராசையும் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். தராசின் தட்டு எஃகாக இருந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்து எடையைக் கூட்டிக் காட்டும். எனவே அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து, எண்ணைச் சுழிக்குக் கொண்டுவந்தோம். டர்ன்டேபிளின் சுழல்தட்டைக் கழற்றிவிட்டு, இசைத்தட்டின் மேற்பரப்பு இருக்கும் அதே உயரத்துக்கு மூடியின் முகம் வரும்படி வைத்து, நெம்புகோலால் ஊசியை மெல்ல இறக்கினோம். 4.83 கிராம். டேப்பைப் பிரித்து நாணயத்தை எடுத்ததும் 2.04. முதலில் நான் வைத்துக் கொடுத்த அழுத்தம் அப்படியே இருந்திருக்கிறது.

அப்படியானால் ஊசி ஏன் துள்ளியது? பத்தர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “பஞ்சு அடைஞ்சு கெடக்குதுங்க” என்றார். ஊசிமுனையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தூசு கெட்டியாகத் திரண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எங்கள் பக்கம் எதையும் விட்டுவைப்பதில்லை. கடையில் ஒரு நிமிடம் ஊசியைப் பார்த்திருந்தால் போதும், நாணயத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அளவுக்கு மீறிய பளுவில் மாதக்கணக்காக ஓடிய ஊசியை நம்ப மனம் வரவில்லை; மாற்றுவதென்று முடிவு செய்தேன். இன்னும் உயர்ந்த வகைக்கே போய்விடலாமா என்று ஓர் ஆசையும் வந்தது. 1962-இல் இருந்து இன்றுவரை புகழ் குன்றாத டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் என் மெல்போர்ன் வீட்டில் இருக்கிறது. அதன் இசை எனக்கு உயிர். ஆனால் அது ஊசியோடு கம்பிச்சுருளும் அசையும் மூவிங் காயில் வகை. வெறும் 0.3 மில்லிவோல்ட் மின்குறிப்பே தருவதால் அதைப் பெருக்கத் தனியாக ஒரு கருவி கேட்கும். ஊசி தேய்ந்தால் வீட்டில் கழற்றி மாட்டவும் முடியாது. 74 வயது மாமா தன் கையாலேயே மாற்றிக்கொள்ளக்கூடியதுதான் கோபிக்கு நல்ல கார்ட்ரிட்ஜ். விஎம்95 வரிசையில் உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் முன்பக்கமாக உருவி வேறொன்றைச் செருகலாம். இதுவரை இருந்த விஎம்95இ-இன் நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், கூம்பு முனைக்கு 500, மைக்ரோலைன் முனைக்கு 1000 என்று நிறுவனமே ஆயுள் சொல்கிறது. மைக்ரோலைன் நுணுக்கமாக ஒலிக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும், பொருத்துவதில் சிறு கோணல் இருந்தாலும் அதன் பலன் போய்விடும். நான் கூம்பு முனையையே தேர்ந்தெடுத்தேன், கூடவே ஒரு மாற்று ஊசியும்.

ஈரோட்டில் திருகுகளையும் தளர்த்தியிருந்ததால் கார்ட்ரிட்ஜ் சற்றுத் திரும்பியிருந்தது. அதைக் கோவை காந்திபுரத்தில் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அச்சிட்ட அளவுத்தாளைச் சுழல்தட்டின் மேல் விரித்து, மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை சாமணத்தால் நகர்த்தி நகர்த்தி அரைமணி நேரம் பொறுமையாகச் செய்தார். 300 ரூபாய்தான் வாங்கினார். ஊரில் இப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன; விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“மாட்டுன ஊசி காலத்துக்கும் வராதா கண்ணு?” என்று மாமா கேட்டார். ஒரு பக்கம் ஓட ஏறத்தாழ 20 நிமிடம். 500 மணி நேரத்துக்கு 1,500 பக்கங்கள் என்று கணக்குச் சொன்னேன். தட்டைப் போடுமுன் ஊசியை மென்தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டுமே வருட வேண்டும், பக்கவாட்டில் தேய்த்தால் முனையைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் வளைந்துவிடும் என்பதையும் செய்து காட்டினேன். பரணில் கிடக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளை இந்த ஊசியில் போடக்கூடாது. அவற்றின் தடம் அகலமானது, அதற்குத் தனி ஊசி வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும் என்று இரண்டு முறை சொல்லிவைத்தேன்.

மாமா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு பக்கம் ஓடி முடிந்ததும் ஒரு கோடு போடுகிறார். நேற்றுப் பேசியபோது 214 என்றார். அடுத்த முறை வரும்போது அரக்குத் தட்டுக்கான ஊசியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.