நங்கநல்லூர்ப் பழைய வீட்டின் சீரமைப்பு: வசிக்கும்போதும் விற்கும்போதும் கைகொடுத்த வேலைகள்

சென்னை நங்கநல்லூரில் 1994-இல் கட்டிய எங்கள் தனி வீட்டை 2019-இல் ஓர் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்து முழுமையாகச் சீரமைத்தோம். சில ஆண்டுகள் அதிலேயே வசித்துவிட்டு, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் விற்றோம். ஒவ்வொரு வேலையும் குடியிருந்த எங்களுக்கு எவ்வளவு சுகம் தந்தது, வாங்க வந்தவர்கள் அதை எப்படி எடைபோட்டார்கள் என்ற இரண்டையும் பார்க்க வாய்த்ததால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பழைய வீட்டில் கையிருப்பைப் போடப் போகிறவர்கள் வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்ள இது உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

விலையைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் பழைய தனி வீட்டை வாங்க வருகிறவர் முதலில் மனையைத்தான் கணக்குப் போடுகிறார். கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி, அந்தத் தெருவில் அதற்கு என்ன விலை என்று பார்த்த பிறகே, கட்டடத்துக்கு அதன் வயதைக் கழித்து ஏதோ ஒரு தொகையைச் சேர்க்கிறார். மனையின் விலையை எந்தச் சீரமைப்பும் உயர்த்தாது. ஆனால் கட்டடம் ஒழுகியும் விரிசல் விட்டும் கிடந்தால், இடிக்கும் செலவு தன் தலையில் விழும் என்று சொல்லி மனை விலையிலேயே குறைக்கப் பார்ப்பார்கள். குடியேறத் தகுந்த வீடு என்று தெரிந்துவிட்டால் அந்தப் பேச்சு எழுவதில்லை. கட்டடத்துக்கும் ஒரு நியாயமான தொகை கிடைக்கிறது. எனவே வெயிலையும் ஈரத்தையும் வெளியே நிறுத்துகிற வேலைகளுக்கே பெரும்பகுதிப் பணத்தை ஒதுக்கினோம், பளபளப்புக்கு மிகக் குறைவாகவே செலவிட்டோம்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது மொட்டைமாடி வேலை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் இறக்கும் என்பதால், கத்திரி வெயில் நாட்களில் மாடி அறையில் மின்விசிறியைப் போட்டால் அனல்தான் கீழே இறங்கும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுப் பதித்திருந்த பழைய தட்டோடுகளின் இடுக்குகளில் விரிசல் விழுந்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்ததாரர் அந்தப் பழைய அடுக்கை முழுவதும் பெயர்த்தெடுத்து, தளத்தின் விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் பூசி, அதன்மேல் புதிய சரிவை உருவாக்கி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை நிறக் கூல் ரூஃப் டைல்களைப் பதித்தார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல், கலவையால் வளைவாகப் பூசி, பூச்சைச் சுவரின் மேல் சிறிது ஏற்றி முடித்தார். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும் என்பதால், இந்த ஒரு வேலையை உடனிருந்து பார்க்கும்படி யாருக்கும் சொல்வேன். டைல் இடுக்குகளைச் சாதாரண வெள்ளை சிமெண்டால் அடைக்காமல் நீர் ஊறாத எபாக்ஸி என்னும் பிசின் கலவையால் அடைத்ததும் நல்ல முடிவு.

பதித்து முடித்ததும் மேஸ்திரி ஒரு வாளி நீரை மேட்டு மூலையில் ஊற்றிவிட்டு, “சார், தண்ணி எங்கேயும் நிக்காம நேரா குழாய்க்குப் போவுது பாருங்க” என்றார். அப்படியே போயிற்று. அடுத்து வந்த கோடைகளில் மாடி அறை இரவில் படுக்கத் தகுந்ததாக இருந்தது, ஏ.சி.யை விடிய விடிய ஓட்ட வேண்டியிருக்கவில்லை. குறை என்று பார்த்தால், வெள்ளை டைல் மேல் புழுதி படிந்தால் வெயிலைத் திருப்பும் தன்மை குறைந்துவிடுகிறது. பங்குனி பிறப்பதற்குள் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் வழுக்கும் என்பதால், துணி உலர்த்தப் போகிற முதியவர்கள் கவனமாக நடக்க வேண்டும். இவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்றாலும் அதுவும் பயன் தருவதுதான்.

வீடு பார்க்க வந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். பிறகு கீழே வந்து மாடி அறையின் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஈரக்கறை இல்லை என்பது, நாங்கள் எதையும் எடுத்துச் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்தது.

குளியலறைகளுக்கு அடுத்த இடம் தருவேன். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் உள்ளே துருவேறிக் குறுகிப்போயிருந்ததால், சுவரைக் கொத்தி, துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்களை மாற்றினோம். சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயும் செல்லும் பாதையை அளவுநாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். பின்னாளில் ஆணி அடிக்கவும் கண்ணாடி மாட்டவும் அது மிகவும் உதவியது. தரையில் டைல் பதிக்கும் முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழ்த்தளத்தின் மேற்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் நேரமில்லை என்று அதைத் தவிர்க்கப் பார்த்தார், நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு குளியலறையில் டைல் பதித்தவர் சரிவை வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டதால், குளித்த நீர் கதவோரம் வந்து நின்றது. பெயர்த்துவிட்டு மறுபடி பதித்துத் தந்தார்கள், ஆனால் அதற்கு நீண்ட வாக்குவாதம் தேவைப்பட்டது. இறுதித் தவணையை நாங்கள் கையில் வைத்திருந்திராவிட்டால் நடந்திருக்குமா என்பது ஐயம்தான். சொரசொரப்பான தரை டைலும் கழிப்பறைச் சுவரில் பொருத்திய கைப்பிடியும் பெரிய செலவில்லை. முழங்கால் வலியுள்ள என் மாமியார் யாரையும் கூப்பிடாமல் தானே போய்வர அவை வழிசெய்தன. வீட்டை வாங்கிய குடும்பத்திலும் ஒரு பாட்டி இருந்தார். அவர் அந்தக் கைப்பிடியைப் பற்றி அசைத்துப் பார்த்துவிட்டு, மகனிடம் “இது நல்லா இருக்குப்பா” என்று சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் வேலையைத் தொடங்கிய 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. அதனால் நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்து, உட்சுவர்களைப் புதிதாகப் பூசி, மொட்டைமாடி நீரை வடிகட்டிப் பழைய கிணற்றுக்குள் விடும்படி குழாய்களைத் திருத்தினோம். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழகம் முழுதும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் எங்கள் வீட்டில் இருந்தது மண்ணடைத்துப் பெயருக்கு நின்ற ஒரு குழிதான். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்ட கேள்வி “தண்ணி எப்படிங்க?” என்பதாகத்தான் இருந்தது.

மின்கம்பி மாற்றம் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். பழைய ஃபியூஸ் பலகையை அகற்றி, மின்சுமை மிகும்போது தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்சுகளையும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் ஒரு பெட்டியில் பொருத்தினோம். விளக்குகளுக்கு 1.5, சாதாரணப் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி என்று தனித்தனியே இழுத்து, எர்த்தையும் புதிதாகப் போட்டோம். வாங்கியவர் அழைத்து வந்த பொறியாளர் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சுவிட்சின் மேலும் ஒட்டியிருந்த அறைப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, வேறு எந்தப் பலகையையும் கழற்றச் சொல்லவில்லை.

சமையலறையில்தான் ஒப்பந்ததாரரின் வேலை சுமாராக அமைந்தது. மாடுலர் கிச்சன் என்ற பெயரில் அவர் முதலில் காட்டிய அலமாரிகள் மரத்தூள் பலகையால் ஆனவை. ஈரம் பட்டால் அவை உப்பிவிடும். ஈரம் தாங்கும் பலகைக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகைதான் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். பலகை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மலிவான கீல்களும் இழுப்பறைத் தண்டவாளங்களும் விரைவிலேயே துருப்பிடித்து இறுகின. அதைவிட, கிரானைட் மேடையைச் சமைக்கிறவரின் உயரத்துக்கு ஏற்ப அமைத்ததும், கிரைண்டர் கழுவிய நீர் நேரே வடிகிற மாதிரி பின்கட்டில் ஒரு மூலையை ஒதுக்கியதும் அன்றாடம் பயன்பட்டன. வாங்க வந்த பெண்கள் அலமாரிக் கதவுகளின் நிறத்தைப் பெரிதாகப் பாராட்டவில்லை. பரணில் எவ்வளவு இடம் இருக்கிறது, பாத்திரம் தேய்க்க எங்கே வசதி என்பதையே கேட்டார்கள்.

கொசுவலையோடு கூடிய யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல்கள் மாலை நேரத்தில் வீட்டை மூடிவைக்க வேண்டிய கட்டாயத்தை ஒழித்தன. ஆனால் நகர்த்தும் வகை ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். கடற்காற்று எட்டுகிற ஊரில், முழுதாகத் திறக்கும் கதவு வகையை வாங்குவதே மேல்.

வேண்டாம் என்று நாங்கள் மறுத்த இரண்டு வேலைகளையும் குறிப்பிட வேண்டும். கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங், அதாவது மேற்கூரைக்குக் கீழே இன்னொரு அலங்காரக் கூரை, போடச் சொன்னார்கள். உயரம் குறையும், மேலே கசிவு ஏற்பட்டாலும் தெரியாது என்பதால் மறுத்தோம். மாடியில் தகரக் கூரையுடன் ஓர் அறை கட்டினால் வாடகை வரும், விலையும் கூடும் என்றார்கள். அதையும் மறுத்தது எவ்வளவு சரி என்பது விற்கும்போது தெரிந்தது. வாங்குகிறவரின் கடனுக்காக வங்கியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர், நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியோடு இருந்த காலத்தில் வழங்கப்பட்ட அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் அளந்தார். வரைபடத்தில் இல்லாத அறை கடன் மதிப்பில் சேராது. சில வங்கிகள் அதைக் காரணம் காட்டிக் கடனையே நிறுத்தி வைப்பதும் உண்டு. வாங்குகிறவர் கடன் பெற முடியாத வீட்டை விற்பது கடினம்.

நிரந்தரமான மேம்பாட்டு வேலைகளுக்கு உரிய ரசீது இருந்தால், விற்கும்போது மூலதன ஆதாயத்திலிருந்து (வீட்டை விற்றதில் கிடைக்கும் லாபம்) அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். சாதாரணப் பழுதுபார்ப்புக்கும் வண்ணம் பூசியதற்கும் அந்தச் சலுகை கிடைக்காது. 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீத வரி, அல்லது அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடாக இருந்தால் சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்று இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் தெரிவு செய்யலாம். இரண்டு கணக்கிலும் மேம்பாட்டுச் செலவு கழியும் என்பதால், வெறும் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிற ஒப்பந்ததாரரிடம் முறையான ரசீதைக் கேட்டு வாங்குவது நல்லது. எங்கள் ஒப்பந்ததாரர் இந்த வகையில் ஒழுங்கானவர். வேலைவாரியாக விலைப்பட்டியல் தந்தார், வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே தவணை கேட்டார், கடைசித் தவணைக்கும் ரசீது கொடுத்தார். மொட்டைமாடி, குழாய், மின்கம்பி வேலைகளுக்கு அவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சமையலறை அலமாரிகளை மட்டும் அதையே தொழிலாகச் செய்கிற தச்சரிடம், கீல்களையும் தண்டவாளங்களையும் நீங்களே கடையில் பார்த்து வாங்கிக் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.