வாக்கபவுட்டா, ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸா?

இரண்டும் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பிள்ளைகள் நடக்கும் படங்கள். பழங்குடி நடிகர் டேவிட் குல்பிலில் இரண்டிலும் நடித்திருக்கிறார்.

நிக்கோலஸ் ரோக் இயக்கிய ‘வாக்கபவுட்’ (1971) படத்தில் ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. அக்காவையும் தம்பியையும் பாலைவனத்துக்கு ஓட்டிவந்த அப்பா அவர்களை நோக்கிச் சுடுகிறார். பிறகு தன்னையே சுட்டுக்கொள்கிறார். வழியில் எதிர்ப்படும் பழங்குடிப் பையனிடம் அக்கா ஆங்கிலத்திலேயே தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பிதான் சைகையில் கேட்கிறான். உடனே அந்தப் பையன் வறண்ட மண்ணில் குழல் செருகி நீரை உறிஞ்சிக் காட்டுகிறான். காட்சியழகில் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் கதையோட்டம் மெதுவானது. நிர்வாணமும் வேட்டைக் காட்சிகளும் உண்டு. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தோதுப்படாது.

பிலிப் நாய்ஸின் ‘ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்’ (2002) உண்மைக் கதை. 1931-இல் அரசு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜிகலாங்கிலிருந்து பிடித்துச் சென்ற மூன்று பழங்குடிச் சிறுமிகள் தப்பித்து, முயல்களைத் தடுக்கப் போட்ட நீண்ட வேலியை வழித்துணையாக்கி வீடு திரும்ப நடக்கிறார்கள். சுமார் 2,400 கிலோமீட்டர்! இங்கே பயம் காட்டைப் பார்த்து அல்ல, துரத்தும் அரசைப் பார்த்து. மழை வந்தால் காலடித் தடம் அழியும் என்று மூத்தவள் மோலி கணக்குப் போடுவது அருமை. தடம் பார்த்துத் துரத்துபவராகக் குல்பிலில் அதிகம் பேசுவதில்லை, பார்வையே போதும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள். அம்மாக்களிடமிருந்து சிறுமிகளைப் பறிக்கும் காட்சிக்கு மட்டும் பக்கத்திலேயே இருங்கள்.