எலும்பு மஜ்ஜை ஸ்லைடு செட்: சிவப்பணு வரிசைக்காகவே வாங்கலாம், ஆனா 7-ம் ஸ்லைடு கையேட்ட நம்பாதீங்க

லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கிறேன். ரத்த அணு எப்படி உருவாகுதுங்கற பாடத்துல பேரெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு ஆனா செல்லு எதுவும் கண்ணுல நிக்கல, அதான் பத்து ஸ்லைடு உள்ள இந்த செட்ட ஆன்லைன்ல வாங்கினேன். மூணு மாசமா பாத்துட்டு இருக்கேன்.

சிவப்பணு வரிசை அருமை. சிவப்பணுவோட ஆரம்ப நிலையான ப்ரோஎரித்ரோபிளாஸ்ட் பெருசா கருநீலமா நிக்குது (ஆர்என்ஏ நெறைய இருக்கறதால அந்த நீலம்), அப்புறம் ஹீமோகுளோபின் சேரச் சேர நீலம் சாம்பலாகி, சாம்பல் இளஞ்சிவப்பாகி, நியூக்ளியஸும் சுருங்கிச் சுருங்கி கறுப்புப் பொட்டு மாதிரி ஆகிடுது, கடைசில செல்லு அத வெளியவே தள்ளிடுது. ஒரு இடத்துல நியூக்ளியஸ் பாதி வெளிய வந்த நிலைல ஒரு செல்லு மாட்டுச்சு, அன்னிக்கு வேற ஸ்லைட எடுக்கவே மனசு வரல. நம்ம உடம்புல இது ஒரு நாளைக்கு சுமார் 20,000 கோடி தடவ நடக்குது!

தட்டணுவ உண்டாக்கற மெகாகேரியோசைட் 10எக்ஸ் லென்ஸ்லயே தெரியுது, அவ்ளோ பெருசு. செல்லு ரெண்டா பிரியாம டிஎன்ஏவ மட்டும் பெருக்கிட்டே போறதால வர்ற சைஸ் அது, அதுலேந்து உதிர்ற துண்டுங்கதான் தட்டணு. வெள்ளையணு வரிசை பரவால்ல ரகம்.

இப்ப குறை. 7-ம் ஸ்லைடுக்கு கையேட்டுல லிம்ஃபோசைட்னு (ஒரு வகை வெள்ளையணு) அம்புக்குறி போட்ருக்கறது உண்மைல கடைசி நிலை நார்மோபிளாஸ்ட், அதாவது நியூக்ளியஸ இன்னும் வெளிய தள்ளாத இளம் சிவப்பணு. சைட்டோபிளாசம் (நியூக்ளியஸ சுத்தி இருக்கற பகுதி) இளஞ்சிவப்பா இருக்கறத பாத்தாலே தெரியும், ஆனா புதுசா படிக்கறவங்க அப்படியே தப்பா பதிச்சுக்குவாங்களே, அதான் எனக்கு கோவம். மெயில் போட்டேன், பதிலே இல்ல. ரெட்டிகுலோசைட் (நியூக்ளியஸ தள்ளின பிறகு வர்ற இளம் சிவப்பணு) ஸ்லைடும் வேஸ்ட், லீஷ்மன் ஸ்டெயின்ங்கற சாயம் போட்டுக் குடுத்துருக்காங்க, அதுல செல்லுக்குள்ள மிச்சமிருக்கற ஆர்என்ஏ வலை மாதிரி இருக்கறது தெரியவே தெரியாது, நியூ மெத்திலீன் ப்ளூ சாயம் போட்ருக்கணும்.

எல்லா ரத்த அணுவுக்கும் மூலமான ஸ்டெம் செல்ல காட்டலன்னு சிலர் ஒரு ஸ்டார் குடுத்துருக்காங்க, அது நியாயமில்லங்க. அது பாக்க சின்ன லிம்ஃபோசைட் மாதிரியேதான் இருக்கும், மைக்ராஸ்கோப்புல வச்சு இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது, செல்லு மேல இருக்கற சிடி34 மாதிரி அடையாள புரதத்த (மார்க்கர்) வச்சு ஃப்ளோ சைட்டோமெட்ரிங்கற லேசர் முறைல தான் பிரிச்சுப் பாப்பாங்க.

என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. 100எக்ஸ் ஆயில் இம்மர்ஷன் லென்ஸ் இருந்தா மட்டும் வாங்குங்க, 40எக்ஸ்ல அந்த நிற மாற்றம் சரியா பிடிபடாது.