ஓஎல்இடி திரையில் பதிந்த செய்திப் பட்டை: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

2020ஆம் ஆண்டு நாகர்கோவிலில் வாங்கிய 55 அங்குல ஓஎல்இடி (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) தொலைக்காட்சியைப் பற்றி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகே எழுதுகிறேன். படத்தின் தரத்தில் இன்றும் எனக்குக் குறையில்லை. இருண்ட காட்சியில் அந்தந்தப் புள்ளிகள் முற்றிலும் அணைந்துவிடுவதால், கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது. ஆனால் சென்ற ஆண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, பச்சை மைதானத்தின் குறுக்கே, திரையின் அடியில் மங்கலான ஒரு பட்டையைக் கண்டேன். அப்பா காலை முதல் இரவு வரை பார்க்கும் செய்திச் சேனலில் எழுத்துகள் ஓடும் இடம் அது. மேல் மூலையில் அந்தச் சேனலின் லோகோவும் நிழலாகப் பதிந்திருந்தது.

திரை எரிந்துவிட்டதாகப் பலர் சொல்வார்கள், நடந்திருப்பது தேய்மானம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, ஒளிர ஒளிர அதன் கரிமப் பொருள் வலுவிழக்கிறது, அதிலும் நீல ஒளி தரும் பொருள் விரைவாகவே தளர்கிறது. நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடம் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்த இடம் மட்டும் சுற்றியுள்ள புள்ளிகளைவிட முன்னதாக மங்கிவிடுகிறது. பழைய குழாய்ப் பெட்டிகளிலும், 2014ஆம் ஆண்டளவில் பெரிய நிறுவனங்கள் தயாரிப்பதை நிறுத்திய பிளாஸ்மா தொலைக்காட்சிகளிலும், ஒளி தரும் பாஸ்பர் பூச்சு இவ்வாறுதான் தேய்ந்தது.

எங்கள் தவறும் இதில் உண்டு, அதைப் பலரும் செய்வார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பார்த்து முடித்து ரிமோட்டில் அணைத்த பிறகு, மின்சாரம் தொடர்ந்து இருந்தால்தான் இவ்வகைப் பெட்டி புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து, சமன்செய்யும் வேலையைத் தானாகச் செய்துகொள்ளும். எங்கள் வீட்டிலோ ரிமோட்டை வைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். ஐப்பசி இடிமழைக் காலத்தில் பிளக்கையே உருவி வைப்போம். ஆக, பெரும்பாலான இரவுகளில் அந்த வேலை நடக்கவே இல்லை. விற்பனையின்போது இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்படித் திரையில் பதிந்த தடம் உத்தரவாதத்தில் சேராது என்றும், பேனலை, அதாவது திரையையே, மாற்றுவதற்குப் புதிய பெட்டியின் விலையில் பெரும்பகுதி ஆகும் என்றும் பழுது பார்க்க வந்தவர் கூறினார்.

குளச்சலில் மைத்துனர் வீட்டில் ஏழு ஆண்டுகளாக ஓடும் எல்இடி பெட்டியில் இத்தகைய தடம் எதுவும் இல்லை. அதில் திரவப் படிகம் ஒளியை மறைக்கவும் விடவும் மட்டுமே செய்கிறது. ஒளி பின்னாலுள்ள விளக்குகளிலிருந்து வருவதால், செய்திப் பட்டையின் இடம் மட்டும் தனியே தேய வழியில்லை. எப்போதாவது உருவம் தங்கினாலும் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்காக அது தேயாத பொருள் என்று எண்ண வேண்டாம்: அவர் வீட்டில் பேக்லைட் ஸ்ட்ரிப் (பின்னாலுள்ள விளக்கு வரிசை) ஒருமுறை அணைந்து, திரையின் ஒரு பகுதி இருண்டது, கடற்காற்றின் உப்பால் பின்புற இணைப்புத் துளைகளும் துருப்பிடித்தன. ஆனால் ஸ்ட்ரிப்பை மார்த்தாண்டத்தில் சிறு செலவில் மாற்ற முடிந்தது.

இரவில் விளக்கணைத்துத் திரைப்படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாள் முழுவதும் செய்தி ஓடும் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அப்பாவின் அறைக்கு 43 அங்குல எல்இடி ஒன்று வாங்கிவிட்டோம். கூடத்தில் இருக்கும் ஓஎல்இடியின் சுவிட்சை இடி இல்லாத இரவுகளில் யாரும் அணைப்பதில்லை. பட்டை மறையவில்லை, ஆனால் கடந்த ஆறு மாதங்களில் கூடவும் இல்லை.