பிளெண்டரில் பாட்டிக்கு வெளிச்சம்

பெங்களூரு அல்சூர் வீட்டில் மகளுக்காக ஒரு பாட்டி கதையை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் செய்கிறேன். மென்பொருள் இலவசம், ஒளியமைப்போ அருமை. முதலில் இருக்கும் ஒற்றை பாயின்ட் லைட்டில், அதாவது ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒளிவிடும் விளக்கில், பாட்டி முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஏரியா லைட், அதாவது பலகை மாதிரி பரந்த விளக்கு, வைத்தேன். அதன் அளவைக் கூட்டக் கூட்ட நிழலின் ஓரம் மென்மையானது, கன்னத்துச் சுருக்கத்துக்கு உயிர் வந்தது. பின்னால் ஒரு சின்ன விளக்கு, நரைமுடிக்கு மட்டும். ஒரு ஞாயிறு முழுக்க இதிலேயே போனது, வருத்தமே இல்லை.

பிளெண்டர் கேமராவின் லென்ஸ் குவியத்தூரம் 50 மி.மீ.யில் தொடங்கும். முகத்துக்கு 85 வைத்து, கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், மூக்கு துருத்தாது. பின்னணியா? ரெண்டர் (இறுதிப் படமாக்கல்) அமைப்பில் ஃபிலிம் பகுதிக்குப் போய் டிரான்ஸ்பரன்ட்டை டிக் செய்து (பின்னணி வெறுமையாகிவிடும்), அந்த வெறுமையைக் காக்கும் பிஎன்ஜி படங்களாக எடுத்தால் அல்சூர் ஏரியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.