நீளமான தமிழ்க் கோப்புப் பெயர்களும் பேக்கப்பும்: ஒரு நெடுநாள் அனுபவம்

வன்தட்டு வாங்கும்போதோ பேக்கப் மென்பொருளைத் தெரிவு செய்யும்போதோ கோப்புப் பெயரின் நீளத்தைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. பெட்டியின் மேல் டெராபைட் கணக்கைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பெயர் எவ்வளவு நீளம் போகலாம் என்பதை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடம் உள்ள பழைய கடதாசிகளை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பல வருடங்களாக ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழ்கள், செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) பக்கங்கள், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பிறகு எழுதப்பட்ட விண்ணப்பங்கள் ஆகியவையே பெரும்பகுதி. மூலக் கடதாசி அன்றைக்கே உரியவர் கைக்குத் திரும்பிவிடும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) கூரையின் ஒழுக்கையும் மலைநாட்டு ஈரத்தையும் அது எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒவ்வொரு ஸ்கேனையும் மூன்று இடங்களில் வைக்கிறோம்: ஹட்டனில் ஒரு விண்டோஸ் கணினி, வெளி வன்தட்டு ஒன்று, மண்சரிவுப் பயத்தினால் கண்டியில் நண்பர் ஒருவர் வீட்டில் வைத்திருக்கும், வலையமைப்பின் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி. இந்த மூன்றுக்கும் இடையில் கோப்புகள் போய்வந்ததில் பெயர் நீளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் கோப்புப் பெயர்கள் நீண்டதற்குக் காரணம் உண்டு. தோட்டம், பிரிவு, ஆவணத்தின் வகை, ஆண்டு, பக்கம் ஆகிய அனைத்தையும் பெயரிலேயே எழுதிவிட்டால், தனியாக அட்டவணை இல்லாமலே எவரும் தேடி எடுக்கலாம். அதற்கு மேலாக மாவட்டம், தோட்டம், குடும்பம் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கியிருந்தோம். பார்வைக்கு மிக ஒழுங்கான அமைப்பு அது. பேக்கப் எடுக்கும்போதுதான் இடித்தது.

விண்டோஸில் வழமையான எல்லை 260 எழுத்துகள். இது கோப்புப் பெயருக்கு மட்டுமான கணக்கு அல்ல. தட்டின் எழுத்து, முக்காற்புள்ளி, இடையிலுள்ள எல்லாக் கோப்புறைகள், சாய்கோடுகள் ஆகியவற்றோடு, இறுதியில் கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி ஒன்றும் சேர்ந்த முழுப் பாதையின் கணக்கு. ஆகவே நமக்கு மிஞ்சுவது 259. ஒரு கோப்பு கணினியில் 245 எழுத்துப் பாதையில் நன்றாகவே திறக்கும். அதை வெளி வன்தட்டில் திகதியிட்ட ஒரு பேக்கப் கோப்புறைக்குள் பிரதி செய்யும்போது அந்தக் கோப்புறையின் பெயரும் முன்னால் சேர்ந்து எல்லை தாண்டிவிடுகிறது. மூலத்தில் பிழை இல்லை, தட்டிலும் இடம் இருக்கிறது, ஆனாலும் பிரதி ஆகாது. கோப்பு உலாவி அப்போது ஒரு சிறு பெட்டியைக் காட்டி, பெயர் மிக நீளம் என்று கூறி, தவிர்த்துவிட்டு மேலே செல்லலாமா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் இப்படியே செய் என்ற கட்டத்தில் ஒருமுறை சரி போட்டுவிட்டால், அதற்குப் பின் எவை விடுபட்டன என்பதற்குப் பட்டியல் கிடையாது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் முப்பது நாற்பது குறைந்தால் எவர் கண்டுபிடிப்பது? பேக்கப் வேலைக்குக் கோப்பு உலாவியை நான் நம்பாததற்கு இந்த ஒரு பெட்டியே போதுமான காரணம்.

2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து நீண்ட பாதைகளை அனுமதிக்கும் அமைப்பு ஒன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உண்டு. பலரும் இதையே முழுத் தீர்வாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதித் தீர்வுகூட இல்லை. அதை இயக்கினாலும், நீண்ட பாதையைத் தான் ஏற்பதாக அறிவித்துக்கொண்ட மென்பொருளுக்கு மட்டுமே பயன் கிடைக்கும். கோப்பு உலாவி பழைய எல்லையிலேயே நிற்கிறது. தவிர, இந்த அமைப்பு ஒரு கணினிக்கு மட்டும் உரியது. அதை நம்பிப் பாதைகளை நீளவிட்டு, வன்தட்டை ஒரு பாடசாலைக் கணினியிலோ பிரதேச செயலகத்திலோ செருகினால் அங்கே கோப்பு திறக்காது.

விண்டோஸோடு வரும், கோப்புகளைப் பிரதி செய்யும் ரோபோகாப்பி கட்டளையே எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. அதே வேலைக்கான பழைய எக்ஸ்காப்பி கட்டளை 254 எழுத்தைத் தாண்டிய பாதையைக் கண்டதும் போதிய நினைவகம் இல்லை என்று சம்பந்தமில்லாத ஒரு பிழையைச் சொல்லி நின்றுவிடும். ரோபோகாப்பிக்கு நீண்ட பாதை ஒரு பொருட்டே அல்ல. விடுபட்டவற்றைப் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும். முடிவில் தரும் எண் 8க்குக் குறைவாக இருந்தால் தோல்வி எதுவும் இல்லை, 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஏதோ ஒரு கோப்பாவது போய்ச்சேரவில்லை என்று பொருள். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில், பாதியில் நின்ற பிரதியை விட்ட இடத்திலிருந்து தொடர அதிலுள்ள வசதி பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அதன் பிரதிபலிப்பு முறையைப் பயன்படுத்துவோர் கவனமாக இருக்க வேண்டும். மூலத்தில் இல்லாத எதையும் அது இலக்கிலிருந்து அழித்துவிடும். நீளத்தினால் அழிக்க முடியாமல் நிற்கும் ஒரு கோப்புறையைத் துடைக்கவும் இதே குணம் உதவும்: வெற்றுக் கோப்புறை ஒன்றை அதன்மேல் பிரதிபலித்தால் வேலை முடிந்துவிடும்.

இனி நாஸ் பெட்டிக்கு வருகிறேன். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு உண்மையான இடைஞ்சல் அங்கேதான். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் லினக்ஸ் இயங்குகிறது. அங்கு முழுப் பாதையைவிட, தனிக் கோப்பின் பெயருக்கான எல்லையே முதலில் குறுக்கிடுகிறது. தட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் தனிப் பெயர் ஒன்று 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பிலும் அதே 255தான், ஆனால் அது பைட் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் செலவாகின்றன. நம் எழுத்தும் கணினியின் குறியும் ஒன்றல்ல. பொகவந்தலாவ என்ற பெயரில் நமக்குத் தெரிவது ஏழு எழுத்து. கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணும் விண்டோஸுக்கு அது 10 குறி. லினக்ஸுக்கு 30 பைட்.

எங்கள் கோப்பு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பொகவந்தலாவ-மேற்பிரிவு-பிரஜாவுரிமை-விண்ணப்பம்-1964-பக்கம்-03. இதனோடு கோப்பு வகையைக் காட்டும் புள்ளியும் மூன்று ஆங்கில எழுத்தும் வரும். கண்ணால் எண்ணினால் 44 எழுத்து, விண்டோஸில் 63 குறி, லினக்ஸில் 157 பைட். 255க்குள்தானே இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் குடும்ப ஆவணங்கள் என்பதால் கண்டியிலுள்ள பகிர்வுக் கோப்புறையை மறையாக்கம் (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்திருந்தோம். ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறையாக்க முறை கோப்புப் பெயரையும் மறைத்தெழுதுகிறது; மறைத்தெழுதிய பெயர் மூலப் பெயரைவிட நீளும் என்பதால், நாம் வைக்கக்கூடிய பெயருக்கு 143 பைட் மட்டுமே மிஞ்சுகிறது. தமிழில் அது 47 குறி. மேற்சொன்ன பெயரில் தமிழ்க் குறிகள் மட்டுமே சரியாக 47. சிறுகோடுகளையும் இலக்கங்களையும் சேர்த்தவுடன் எல்லை தாண்டிவிடுகிறது. கோப்புகளை நாஸ் பெட்டிக்கு அனுப்பும் ஆர்சிங்க் என்ற மென்பொருள் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது: பெயர் மிக நீளம் என்று கோப்பு வாரியாக 36ஆம் பிழையைக் காட்டி, மற்றவற்றை அனுப்பி முடித்து, பகுதியே போய்ச்சேர்ந்தது என்பதற்கு அடையாளமாக 23 என்ற எண்ணோடு வெளியேறும். இரவில் தானாக ஓடும் வேலையாக அமைத்திருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதற்கும் ஒரு வழி செய்துவைக்க வேண்டும். (பழைய சீடிகளில் பயன்பட்ட ஜோலியட் முறையின் எல்லை 64 குறி. அதே பெயர் அங்கே ஒரு குறி வித்தியாசத்தில் தப்பிவிடும்!)

கோப்புகளின் பதிப்புகளைத் தானாகச் சேமிக்கும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி வசதியைக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டோம். சேமிக்கும் ஒவ்வொரு பதிப்பின் பெயரிலும் அடைப்புக்குறிக்குள் திகதியையும் நேரத்தையும் அது சேர்க்கிறது. அதுவே 26 எழுத்து. முன்னால் பயனர் பெயர், கணினிப் பெயர் என்று தன் கோப்புறைகளையும் அடுக்குகிறது. ஏற்கெனவே எல்லையை ஒட்டி நிற்கும் பாதைகளுக்கு அது ஒத்துவராது.

ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் வேறு வகை. கோப்புகளைத் துண்டுகளாக்கி, மறையாக்கித் தன் களஞ்சியத்தில் 64 எழுத்துப் பெயர்களில் வைக்கிறது; நம் பெயர்கள் உள்ளே தரவாகவே இருப்பதால், சேமிக்கும் இடத்தின் நீள எல்லை அவற்றைத் தொடுவதே இல்லை. இப்போது கண்டிப் பெட்டிக்கு நாங்கள் அனுப்புவது இதன் மூலமாகத்தான். மறையாக்கத்தை அதுவே செய்வதால் பெட்டியின் மறையாக்கக் கோப்புறை தேவைப்படவில்லை. ஒரு குறை உண்டு. மீட்டெடுக்கும்போது பழைய பெயர்கள் அப்படியே வெளியே வரும்; இலக்கில் எல்லை குறுகியதாக இருந்தால் சிக்கல் அங்கே காத்திருக்கும்.

ஆகவே பெயர்களையே சுருக்கத் தீர்மானித்தோம். இப்போது பெயரில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, வரிசை எண், பக்கம் மட்டுமே இருக்கும்: பொகவந்தலாவ-1964-0312-03. வகைக் குறியோடு சேர்த்து 47 பைட். பிரிவு, ஆவண வகை, குடும்ப விபரம் அனைத்தும் வரிசை எண்ணுக்கு நேராக ஒரு விரிதாளில் இருக்கின்றன. அந்த விரிதாள் ஒவ்வொரு பேக்கப்பிலும் முதல் கோப்பாகப் போகும். பெயர் மாற்றும் முன்பும் பின்பும் எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து ஒப்பிட்டோம். அந்த எண் உள்ளடக்கத்தைப் பொறுத்ததே தவிரப் பெயரைப் பொறுத்ததல்ல என்பதால், எதுவும் தொலையவில்லை என்று உறுதியாகத் தெரிந்தது. கோப்புறை அடுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது, முழுப் பாதை 180ஐத் தாண்டக் கூடாது என்றும் வைத்திருக்கிறோம். மிச்சம் 79 எழுத்து, பேக்கப் கோப்புறைகளின் பெயருக்காக.

இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. முன்பு கோப்புப் பெயரைப் பார்த்தே ஆவணத்தை எடுத்துக்கொடுத்த மூத்த ஆசிரியர் ஒருவர், இப்போது விரிதாளைத் திறந்து தேட வேண்டியிருப்பதாக இன்றும் குறைப்படுகிறார். அவர் சொல்வது நியாயம். ஆயினும் ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் மும்மடங்கு இடம் கிடைக்கும் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. ஒரே தோட்டப் பெயரை ஆளுக்கொரு ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதினால் தேடல் இன்னும் மோசமாகும்.

பழைய வன்தட்டுகளில் நீண்ட பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்க, ஆழத்திலுள்ள கோப்புறைக்கு சப்ஸ்ட் கட்டளையால் தனித் தட்டெழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். பாதை அங்கிருந்து எண்ணப்படுவதால் கோப்பு உலாவியும் திறந்துவிடுகிறது. மீட்புச் சோதனையை மட்டும் எங்கள் கணினியில் செய்வதில்லை. நீண்ட பாதை அமைப்பு இயக்கப்படாத வேறொரு விண்டோஸ் கணினியில், ஓரெழுத்துப் பெயருள்ள கோப்புறைக்குள் எடுத்து, கோப்பு எண்ணிக்கையை விரிதாளோடு ஒப்பிட்ட பிறகே அந்தப் பேக்கப்பைக் கணக்கில் சேர்க்கிறோம்.