பாங்காக் ஆன் நுட்ல மூணு மாசம்: மாச வாடகை அபார்ட்மென்ட் ரிவ்யூ

பாங்காக் எனக்கு புதுசு இல்ல. ஆபீஸ் வேலையா ஏழெட்டு தடவை வந்தாச்சு, ஒவ்வொரு தடவையும் நாலு நாள், அசோக் பக்கம் ஹோட்டல், மீட்டிங், மறுபடி ஏர்போர்ட். அதனால இந்த தடவை மூணு மாசம் இருக்கணும்னு சொன்னப்ப தெரிஞ்ச ஊர்தானேன்னு பெருசா யோசிக்காம பெட்டிய கட்டிட்டேன். வந்து ரெண்டாவது நாளே துணி எங்க துவைக்கிறது, குப்பைய எங்க போடறது, குடிக்கிற தண்ணிக்கு என்ன பண்றதுன்னு ஒண்ணுமே தெரியாம நிக்கறேன். ஹோட்டல்ல இருந்தவனுக்கு ஊர் தெரியும்னு நெனச்சது நம்ம தப்பு.

எடுத்தது ஆன் நுட் ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷம் நடக்கற தூரத்துல ஒரு மாச வாடகை அபார்ட்மென்ட். பில்டிங் பேர் போடல, திட்டறதும் இருக்கு, தவிர இதே டைப் பில்டிங் இந்த ஏரியால தெருவுக்கு நாலு இருக்கு. 1999ல பிடிஎஸ் ட்ரெயின் ஆரம்பிச்சப்ப சுகும்வித் லைனுக்கு கடைசி ஸ்டேஷன் இதுதான், 2011லதான் பேரிங் வரைக்கும் நீட்டினாங்க. ரொம்ப வருஷம் ஊர்க்கோடியா இருந்ததாலயோ என்னவோ தோங்லோ, எக்கமாய் பக்கம் சொல்ற வாடகைய கேட்டுட்டு இங்க வந்தா மூச்சு வருது. அசோக் அஞ்சாவது ஸ்டேஷன், ஸ்டேஷன ஒட்டியே பெரிய லோட்டஸ் சூப்பர் மார்க்கெட். இடத்துக்கு முழு மார்க்.

ரூம் 300 சதுர அடி இருக்கும். கட்டில், பீரோ, குட்டி ஃப்ரிட்ஜ், ஏசி. நம்ம ஆளுங்க மொதல்ல கேக்கற கேள்விக்கு பதில் சொல்லிடறேன், பாத்ரூம்ல ஹெல்த் ஃபாசெட் இருக்கு, இந்த ஊர்ல அநேகமா எல்லா இடத்துலயும் இருக்கும். ஆனா கிச்சன் கிடையாது. பால்கனில ஒரு சிங்க், அவ்ளோதான். கீழ எறங்கினா தெரு முழுக்க சாப்பாட்டுக் கடைதான், அப்புறம் யார் சமைப்பாங்கன்னு விட்டுட்டாங்க போல. நான் சைவம், கூட முட்டை மட்டும் சாப்பிடற கேஸ், அதனால எனக்கு அது கஷ்டம். "மை சாய் நாம் ப்ளா"ன்னு, அதாவது மீன் சாஸ் போடாதீங்கன்னு சொல்லப் பழகிக்கிட்டேன், தலைய ஆட்டிட்டு சிப்பி சாஸ ஊத்துவாங்க. மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து போட்ட "ஜே", அதாவது சுத்த சைவ கடைதான் சேஃப், ஆனா அதுல பூண்டு வெங்காயம் கூட இருக்காது.

சரின்னு லோட்டஸ்ல ஒரு ரைஸ் குக்கர் வாங்கினேன், ஊர்ல இருந்து கொண்டு வந்த சின்ன மிக்ஸிய எடுத்து வெச்சா ப்ளக் உள்ள போகல. கரண்ட் அதே 220, 230 தான், போன் சார்ஜர் சமத்தா சொருகுது, நம்மூரு தடி மூணு பின் மட்டும் இந்த ஓட்டைக்கு சேரவே சேராது. ஹார்ட்வேர் கடைல அடாப்டர்னு வாயால சொல்லி புரிய வைக்க முடியாம மிக்ஸியையே தூக்கிட்டு போய் காமிச்சேன், கடைல இருந்த எல்லாரும் வந்து மூடிய தொறந்து தொறந்து பாத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் ராஜ வாழ்க்கைதான், ஏன்னா இங்க மார்க்கெட்ல தேங்காய மெஷின்ல போட்டு கண்ணு முன்னாடியே பூவா துருவி கவர்ல கட்டி குடுக்கறாங்க, பச்சை மிளகாய்க்கு பஞ்சமே இல்ல, பொட்டுக்கடலை கைல இருந்துச்சு. சட்னி ரெண்டு நிமிஷம். மிளகாய் மட்டும் பாதி போடுங்க, அந்த சின்ன மிளகாய் ஆள கொன்னுடும்.

இப்ப திட்டு. மொத மாச கரண்ட் பில் 2,480 பாட். நான் பகல் முழுக்க ஆபீஸ்ல! யூனிட்டுக்கு 8 பாட் போட்டிருக்காங்க, அரசாங்க ரேட்டவிட நல்லா ஜாஸ்தி. இந்த மாதிரி பில்டிங்ல இது சகஜமாம், அக்ரிமென்ட்லயும் இருக்கு, தாய்லாந்து பாஷைல இருக்கு. எவ்ளோ வாடகைன்னு நாலு தடவை கேட்ட நான் யூனிட் எவ்ளோன்னு ஒரு தடவை கூட கேக்கல. அதவிட மடத்தனம், சாவி வாங்கின அன்னிக்கு மீட்டர போட்டோ எடுத்து வைக்கல, அதனால 310 யூனிட்டும் என்னோடதா, முன்னாடி இருந்தவன் பாக்கியான்னு சண்டை போடக்கூட கைல ஒண்ணும் இல்ல. ஒரு ஃபேன் வாங்கி, ஏசிய தூங்கறப்ப மட்டும் போட்டதுல அடுத்த மாசம் 190 யூனிட்டுக்கு எறங்கிச்சு.

மத்தபடி துவைக்க கீழயே காசு போடற மெஷின், ஒரு தடவைக்கு 40 பாட். கேட் பக்கத்துல தண்ணி மெஷின், லிட்டர் 1 பாட், காலி பாட்டில தூக்கிட்டு போகணும். வைஃபை சாயங்காலம் படுத்துக்கும்.

ரிசப்ஷன்ல இருக்கறவங்கள எல்லாரும் "பீ"ன்னு கூப்பிடறாங்க, நம்மூர்ல அக்கா அண்ணான்னு சொல்ற மாதிரி, நானும் அப்படியே கூப்பிட்டேன். வெளிநாட்டுக்காரன் தங்கினா 24 மணி நேரத்துல வீட்டுக்காரங்க இமிக்ரேஷனுக்கு சொல்லணும், டிஎம் 30ன்னு பேரு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே முடிச்சு சீட்ட கைல குடுத்துட்டாங்க. விசா நீட்டிக்கப் போறப்ப அந்த சீட்ட கேட்டாங்க, அதனால இந்த ஒரு விஷயத்துக்காகவே அரை ஸ்டார் சேத்து 5க்கு மூணரை.

வெள்ளிக்கிழமை ட்ரெயின்ல சியாம் போய் மாறி சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு போவேன். 1879ல தமிழங்க கட்டின கோயில், ஆனா வரிசைல நம்ம ஆளுங்களவிட மாலையோட நிக்கற தாய்க்காரங்கதான் அதிகம். அந்த தெருவுலயே நம்ம சாப்பாடும் கெடைக்கும், விலை மட்டும் நம்மூர் விலை இல்ல.

ரெண்டு மாச டெபாசிட் காலி பண்ணி ஒன்பதாவது நாள் அக்கவுன்ட்ல வந்துடுச்சு, க்ளீனிங்னு 800 பாட் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த மூணு பின் அடாப்டர பீரோ கீழ் டிராயர்ல விட்டுட்டு வந்திருக்கேன், மிக்ஸியோட யாராச்சும் அந்த ரூமுக்கு போனா எடுத்துக்கங்க.